நூற்றுப் பன்னிரண்டு நம்பிக்கைக்குரியவர்கள்

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே ஆற்றங்கரையில் ஒரு சிறிய மடம். அதன் தலைவர் சட்டநாத அடிகளுக்கு வயது ஐம்பத்திரண்டு. மடத்தின் மின்னஞ்சலைக் கவனித்த சீடர் தில்லைக்கரசுக்கு அறுபத்துநான்கு. தபால் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்று, மனைவி இறந்தபின் காவி உடுத்தவர். குரு இளையவர், சீடர் மூத்தவர் என்பதில் இருவருக்கும் குறையில்லை. புதிதாக வருகிறவர்கள்தான் யார் காலில் விழுவது என்று தடுமாறுவார்கள்.

மடத்துக்கு வரும் அஞ்சலைக் கணினியில் ஒரு சல்லடை பார்க்கும். சந்தேகமானதைத் தனிப்பெட்டி ஒன்றில் நிறுத்திவைக்கும். பதினைந்து நாளுக்குள் யாரும் திறந்து விடுவிக்காவிட்டால் அழித்துவிடும். நம்பிக்கைக்குரியவர்கள் என்று ஒரு பட்டியலும் உண்டு. அதில் உள்ள முகவரிகளைச் சல்லடை தொடாது.

தில்லைக்கரசு அந்தப் பட்டியலை ஒரு மரியாதையாகவே ஆக்கிவிட்டார். குருபூசைக்கு வந்து தொண்டு செய்தவர்களுக்குத் திருநீறு, எலுமிச்சம்பழம், பட்டியலில் ஓர் இடம். "என் மெயில் நேரா சாமிகிட்ட போயிரும்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை, பட்டியலில் உள்ள முகவரி ஒன்றிலிருந்து 'அழைப்பிதழ்' என்ற பெயரில் ஏதோ வந்தது. தில்லைக்கரசு திறந்தார். அரைமணி நேரத்தில் மடத்தின் பெயரால் ஆயிரத்து நானூறு பேருக்கு முடி வளர்க்கும் தைலத்தின் விளம்பரம் போய்ச் சேர்ந்தது. தலை மழித்தவர்கள் பதினொருவர் வாழும் மடம் அது.

அடிகள் அவரை அழைத்தார்.

"தைலம் நல்லதுதானா?"

"மன்னிக்க வேண்டும், சாமி."

"யாரிடமிருந்து வந்தது?"

"அரிசி ஆலை பிச்சைக்கண்ணு. தங்கமான மனிதர். அவர் முகவரியை யாரோ திருடிவிட்டார்கள்."

"பட்டியலில் இருந்தது பிச்சைக்கண்ணுவா, முகவரியா?"

"முகவரி."

"எல்லா முகவரிகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்."

"நூற்றுப் பன்னிரண்டு பேர், சாமி! அத்தனை பேரையும் தடுப்பதா?"

"தடுக்கவா சொன்னேன்? மற்றவர்கள் வரும் வழியில் வரட்டும்."

நீக்கும் வேலை மூன்று நாள் நடந்தது. மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் தில்லைக்கரசு ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினார். 'தங்கள் முகவரி பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. இது தங்கள்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை அன்று.' பட்டியலில் நான்கு பேர் காலமானவர்கள். அவர்களில் ஒருவர் இறந்தபிறகும் மாதம் தவறாமல் வீட்டுமனை விளம்பரம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கடிதம் கிடைத்த ஒப்பந்தக்காரர் மாசிலாமணி தொலைபேசியில் அடிகளைப் பிடித்தார்.

"சாமி, நான் என்ன தப்பு பண்ணேன்? மச்சினன் முன்னால தலைகுனிஞ்சு நிக்கேன்."

"ஏன்?"

"அவன் மெயிலும் என் மெயிலும் இனி ஒண்ணா?"

"ஒன்றுதான். அவர் எழுதுவதையும் பார்ப்போம்."

"அவன் என்னத்த எழுதிக் கிழிக்கப் போறான், விடுங்க" என்றார் மாசிலாமணி. குரலில் கொஞ்சம் தெம்பு திரும்பியிருந்தது.

மூன்றாம் நாள் மாலை அடிகள் அலுவலக அறைக்கு வந்தார்.

"முடிந்ததா?"

"முடிந்தது, சாமி. நூற்றுப் பதினொன்று."

"ஒன்று குறைகிறதே."

தில்லைக்கரசு திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது என் மகள் எழில்வேணியுடையது. ஓசூரில் வேலை பார்க்கிறாள்."

"அவள் இங்கே வந்ததே இல்லையே."

"நான் காவி உடுத்தியதும் பேச்சை நிறுத்திவிட்டாள். 'அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள நீங்களும் போறீங்களா அப்பா' என்று கேட்டாள். மூன்று வருடம் ஆகிறது. இந்தப் பட்டியலில் நான் முதலில் சேர்த்தது அவளைத்தான். என்றைக்காவது எழுதினால் அது சல்லடையில் மாட்டிவிடக் கூடாது, சாமி. இது ஒன்று மட்டும் இருக்கட்டுமே."

"எந்த முகவரி அது?"

"அவள் அலுவலகத்து முகவரி. என்னிடம் அதுதான் இருந்தது."

"இன்னும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறாளா?"

"தெரியாது."

"வேறு முகவரியிலிருந்து எழுதியிருந்தால்?"

"சல்லடை பார்த்திருக்கும். சந்தேகப்பட்டிருந்தால் தனிப்பெட்டியில்..."

"பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்தீர்?"

"திறந்ததே இல்லை. வேண்டியவர்கள்தான் பட்டியலில் இருக்கிறார்களே என்று..."

இளமையில் தபால்காரராக, கதவு எண் இல்லாத ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு தெரு சுற்றியவர் அவர். அதை அடிகளும் அறிவார். இப்போது அதைச் சொல்லிக்காட்டவில்லை.

தில்லைக்கரசு மகளின் முகவரியைச் சுட்டினார். பிறகு நீக்கினார். பட்டியல் காலியானது.

தனிப்பெட்டியைத் திறந்தார். இருநூற்று அறுபத்துமூன்று அஞ்சல்கள். அடிகள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பரிசு விழுந்திருப்பதாகச் சொன்னவை ஏராளம். ஒரு பள்ளிக்கூடம் ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்தது. விழா முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கடையம் பக்கத்திலிருந்து ஒரு பெண், குடிக்கும் கணவரை மடத்துக்கு அழைத்து வரலாமா என்று கேட்டு மூன்று முறை எழுதியிருந்தார். மூன்றாவது கடிதத்தில் வணக்கம்கூட இல்லை. அடிகள் அந்தப் பெண்ணின் கைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டார்.

கடைசி அஞ்சலும் வந்தது. அது யாரோ விற்ற மெத்தை.

"இதில் அவள் இல்லை, சாமி."

"இல்லை."

"பதினைந்து நாளுக்கு முந்தியவை?"

"அழிந்திருக்கும்."

தில்லைக்கரசு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது எழுதியிருப்பாளா?"

அடிகள் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீர் எழுதினீரா?"