சூசை செய்த படகு

தூத்துக்குடியில் ஃபைபர் படகுப் பட்டறைக் கூலியாள் சூசை, ரிமோட் படகுப் பந்தயத்துக்காக, ரெண்டு அடிக்கூடு சேர்த்த குட்டி ரெட்டைப் படகு ஒன்றைச் செய்தான். பேட்டரியில் ரெண்டு மோட்டார், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம். பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டான்.

கல்லறையில் மாலை வாடுவதற்குள், பட்டறை முதலாளி தனராஜ் படகைத் தூக்கிக்கொண்டு பந்தயம் நடக்கும் அணைக்கு வந்துவிட்டார். கூச்சமே இல்லாமல் "நானே செஞ்சது" என்று பேர் கொடுத்தார்.

சூசையின் மனைவி ரெஜினா நடுவரிடம் போய், அது தன் புருஷன் செய்தது என்று அழுதாள்.

"சாட்சி உண்டாம்மா?"

"படகுதான் சார் சாட்சி. செஞ்சேங்கிறவரே மூடி போட்டுத் தண்ணியில விடட்டும்."

"இது என்ன பெரிய வித்தையா?" என்று தனராஜ் பேட்டரியை மாட்டி, மூடியை அமுக்கி, தண்ணீரில் விட்டார். படகு பாய்ந்தது. முதல் திருப்பத்தில் தள்ளாடியது, ரெண்டாவதில் முங்கியது. அங்கே நாற்பதடி ஆழம்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் நடுவர்.

"மூடியைச் சுத்தி டேப் ஒட்டலைன்னா அந்த வேகத்துல தண்ணி ஏறிரும் சார். அவரு மூணு சுத்து ஒட்டுவாரு. நான்தான் வெட்டிக் குடுப்பேன்."

நடுவர் தனராஜின் பேரை அடித்துவிட்டு, சூசை என்று எழுதினார்.

"தெரிஞ்சே முங்க விட்டியேடி" என்று பல்லைக் கடித்தார் தனராஜ்.

"அவரு கையால செஞ்சது எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல முதலாளி," என்றாள் ரெஜினா. "இருந்தாலும் உங்க பேர்ல ஓடுறதுக்குப் பதிலா, அவரு பேர்ல முங்கிக் கெடக்கட்டும்."