பூசையில் அமர்ந்த கரண்டி

மருதங்காட்டு மன்னர் கோதண்டபூபதிக்கு ஒரு பொருளை வாங்கும்வரைதான் ஆசை. வாங்கியபின் அதை எவரும் தொடக் கூடாது. இந்தக் குணம் உடையவர் புதையல் காக்கலாம். பள்ளிக்கூடத்துக்குச் சுவடிச்சாலை அமைத்துத் தரலாகாது. அவரோ அமைத்துத் தந்துவிட்டார்.

உபாத்தியாயர் பூவணநாதர் ஊர் ஊராக அலைந்து, பிள்ளைகளுக்கு ஏற்ற ஓலைச் சுவடிகளைத் தேர்ந்து, படியெடுத்துக் கொண்டுவந்தார். கணக்கு, மருத்துவம், மழைக்குறி ஆகியவற்றோடு நீண்ட கதைச் சுவடி ஒன்றும் வந்தது. பிள்ளைகள் கணக்கைப் பொறுத்துக்கொண்டதே அந்தக் கதைக்காகத்தான். சரசுவதி பூசைக்கு முந்தைய நாள் வாசிப்பு நின்றபோது, கதையின் இளவரசன் முதலையின் வாய்க்குள் இடுப்புவரை போயிருந்தான்.

"மீதியை எப்போது படிப்பீர்கள், ஐயா?" என்று குழலி என்னும் மாணவி கேட்டாள்.

"பூசையில் வைத்த ஏட்டை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விசயதசமி. எடுத்ததும் படிக்கிறேன்."

"அதுவரை முதலை மெல்லாமல் இருக்குமா?"

"இருக்கும். அதற்கும் பூசை விடுமுறைதான்."

பூசையன்று மாலை அரசர் சுவடிச்சாலைக்கு எழுந்தருளினார். சுவடிகள் பட்டின்மேல் அடுக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு, சாமந்தி மாலையுடன் வீற்றிருந்தன. அரசருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆகா! ஓர் ஏடாவது கலைந்திருக்கிறதா? ஒரு பிள்ளையின் விரலடையாளமாவது தெரிகிறதா?"

சுவடிகளைக் கட்டவிழ்ப்பதும், எண்ணெய் பூசுவதும், திரும்பக் கட்டுவதும் காப்பாளர் அனந்தகூத்தரின் கடமைகள். அவற்றுள் எதையும் அவர் விரும்பிச் செய்ததில்லை. இதுதான் தருணம் என்று முன்னே வந்தார்.

"நாளைக்கு இவற்றை எதற்காக எடுக்க வேண்டும், அரசே? எடுத்தால் கை படும். கை பட்டால் தேயும். என்றைக்கும் பூசையிலேயே இருக்கட்டுமே."

பூவணநாதர் பதறினார். "பிரிக்காத ஏட்டைப் பூச்சி அரித்துவிடும், அரசே! பிள்ளைகளின் படிப்பு என்னாவது?"

"தூரத்தில் நின்று கும்பிடட்டும். அறிவு தானே வரும்" என்றார் கூத்தர்.

"நன்றாகச் சொன்னீர், கூத்தரே!" என்று அரசர் எழுந்தார். "இது என் ஆணை. இன்று பூசையில் வைத்த எந்தப் பொருளையும் இனி எவரும் எடுக்கக் கூடாது. எடுப்பவன் நாடு கடத்தப்படுவான்!"

உடன் வந்திருந்த அவை விகடன் வெண்காடன் கைகட்டி நின்றான்.

"அருமையான ஆணை, அரசே. யாருக்கும் விலக்கு இல்லையே?"

"இல்லை."

"தங்களுக்கு?"

"எனக்கும் இல்லை! போய்ப் பறையறைந்து சொல்."

வெண்காடன் ஓடினான். எந்த வேலைக்கும் ஓடாதவன் ஓடுகிறானே என்று அரசர் ஐயப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

மறுநாள் காலை அரசர் முகம் மழித்துக்கொள்ள அமர்ந்தார். நாவிதர் வெறுங்கையோடு நின்றார்.

"கத்தி எங்கே?"

"பூசையில், மகாராசா. நேற்று ஆயுத பூசையும் ஆயிற்றே."

"எடுத்து வா."

"எடுத்தால் நாடு கடத்துவீர்களே, மகாராசா. எனக்கு அடுத்த நாட்டில் ஒருவரையும் தெரியாது."

முள் முளைத்த முகத்தோடு அரசர் உணவுக்கூடத்துக்குப் போனார். தலைவாழை இலையின் நடுவே முழுப் பூசணிக்காய் ஒன்று காம்போடு அமர்ந்திருந்தது.

"இது என்ன?"

"பூசணிக்காய்க் கூட்டு, அரசே" என்றார் சமையற்காரர் நாச்சியப்பர்.

"இதுவா கூட்டு?"

"இன்னும் ஆகவில்லை. அரிவாள்மனை, அம்மி, பானை, கரண்டி எல்லாம் பூசையில் அமர்ந்துவிட்டன. இனி நான் செய்யக்கூடியது, காயை இலையின் நடுவில் நேராக வைப்பதுதான்."

"பல்லக்கைக் கொண்டு வா! என் கிரீடம் எங்கே?"

அவையும் பூசையில்தான் இருந்தன. பசியோடும் வெறுந்தலையோடும் அரசர் பூசை மண்டபத்துக்கு நடந்தே போனார். அங்கே வெண்காடன் ஒரு சாம்பார்க் கரண்டிக்குப் பக்தியோடு சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தான்.

"டேய் வெண்காடா, அந்தக் கரண்டியை மட்டும் எடு."

"கூடாது, அரசே! எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள். ஒரு பருப்பாவது ஒட்டியிருக்கிறதா?"

"ஒட்டாவிட்டால் அது எதற்கடா கரண்டி?"

"எடுத்தால் குழம்பு படும். குழம்பு பட்டால் தேயும். தாங்கள் தூரத்தில் நின்று கும்பிடுங்கள். பசி தானே ஆறும்."

"கும்பிட்டால் வயிறு நிறையுமா, மடையா? எடுத்து அள்ளிப் போட்டால்தானே..."

அரசர் வாக்கியத்தை நிறுத்தினார். மீதியை அவருடைய வயிறு உரக்கச் சொல்லி முடித்தது. வெண்காடன் கரண்டியின் மறுபக்கத்துக்கும் சாம்பிராணி காட்டினான்.

"புரிந்துவிட்டதடா" என்றார் அரசர் தணிந்த குரலில். "ஆணை ரத்து. எல்லாவற்றையும் எடுக்கச் சொல்."

"எது முதலில், அரசே? சுவடியா, கரண்டியா?"

அரசர் கரண்டியை நெடுநேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"சுவடி. ஆனால் ஓடிப் போய்ச் சொல்!"

ஓடினான். சுவடி பிரிந்தது. இளவரசன் முதலையின் அண்ணத்தில் கிச்சுக்கிச்சு மூட்டி, அது சிரித்த நேரத்தில் வெளியே குதித்தான். பிள்ளைகள் போட்ட கூச்சல், கூட்டுக்காகக் காத்திருந்த அரசருக்கே கேட்டது.

மாலையில் அவை கூடியது. மழித்த முகமும் நிறைந்த வயிறுமாக அரசர் வெண்காடனுக்குப் பொன் கடகம் அணிவித்தார். பள்ளிப் பிள்ளைகள் எந்தச் சுவடியையும் எப்போதும் பிரித்துப் படிக்கலாம் என்று புதிய ஆணை பிறந்தது. அனந்தகூத்தர் தூணுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றார்.

"இந்தக் கூத்தரை என்ன செய்யலாம், வெண்காடா? நாடு கடத்தட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம், அரசே! சந்தனம் பூசி, மாலை போட்டு, பூசையில் உட்கார்த்திவிடலாம். எந்த வேலையும் படாமல், கொஞ்சமும் தேயாமல், வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருப்பது நம் நாட்டில் இவர் ஒருவர்தான்."