எருக்கங்குச்சி நட்ட வளை

ஒரு காட்டில் ராஜா இல்லை. ஆனால் வரி இருந்தது.

முன்னொரு பஞ்சத்தில் குஞ்சுகுளுவான்கள் எல்லாம் பட்டினி கிடந்ததைப் பார்த்துவிட்டு, விலங்குகளே கூடிப் பேசிப் போட்டுக்கொண்ட வரி அது. வளையோ, பொந்தோ, புதரோ, எது வைத்திருந்தாலும் கோடை முடிவதற்குள் ஒரு பங்கு தானியமோ கிழங்கோ கொண்டுவந்து பொதுக் களஞ்சியத்தில் கொட்டிவிட வேண்டும். பெரிய வீட்டுக்குப் பெரிய பங்கு, சின்ன வீட்டுக்குச் சின்னப் பங்கு. வசூலிப்பது நாரையின் வேலை.

வரி கட்டாதவர் வாசலில் நாரை ஓர் எருக்கங்குச்சியை நட்டுவிடும். அந்தப் பாக்கியை வேறு யார் வேண்டுமானாலும் செலுத்தலாம். வீட்டுக்காரர் முதல் மழைக்குள் வந்து, செலுத்தியவருக்கு ஒன்றரைப் பங்காகத் திருப்பிக் கொடுத்தால் குச்சியைப் பிடுங்கிவிடுவார்கள். கொடுக்காவிட்டால், பாக்கியைச் செலுத்தியவருக்கே அந்த வீடு சொந்தம்.

எங்கே எருக்கங்குச்சி தெரிந்தாலும் அங்கே மூக்கை நீட்டிக்கொண்டு போய் நிற்கும் ஒரு பெருச்சாளி. ஒரு வருடம் முயலின் பாக்கியைச் செலுத்தி ஒன்றரைப் பங்கு வாங்கியது. அடுத்த வருடம் அணிலின் பாக்கி. உட்கார்ந்த இடத்திலேயே தானியம் சேர்ந்தது. ஆனால் குடியிருந்தது என்னவோ மேட்டுச் சரிவில் ஒரு குறுகலான வளையில்தான். பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துத் தூங்கின. ஒரு பெரிய வளை கிடைக்காதா என்று அதற்கு வெகுநாள் ஆசை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெருச்சாளிக்கு எதிலும் சந்தேகம். யாராவது "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் போதும், 'இவனுக்கு எதற்கு நம் நலம்?' என்று நாள் முழுவதும் யோசிக்கும்.

அந்தக் கோடையில் ஓடைக்கரை உடும்பின் வளை வாசலில் நாரை எருக்கங்குச்சி நட்டது. செய்தி கேட்ட உடனே பெருச்சாளி ஓடியது.

அப்பாடா, என்ன வளை! அகலமான வாசல். உள்ளே நுழைந்தால் ஜில்லென்று இருந்தது. காலுக்கு அடியில் மண் மெத்தென்று அமுங்கியது. மூலையில் காய்ந்த பாசி கயிறு போலத் தொங்கியது. கூரையில் அங்கங்கே நத்தைக் கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

பெருச்சாளி அவற்றை உற்றுப் பார்த்தது. 'ஓகோ! உடும்பு இங்கே உட்கார்ந்து நத்தையாகத் தின்று கொழுத்திருக்கிறது. இன்னும் எவ்வளவு பதுக்கி வைத்திருக்கிறதோ!' தின்று தீர்த்த கூட்டை எதற்குக் கூரையில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும் என்று மட்டும் அது யோசிக்கவில்லை.

வெளியே வந்தால், எதிரே பாறையில் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, அந்த வளை வேண்டாம்ணே" என்றது உடும்பு. "ஓடையில தண்ணி வந்தா கூரை வரைக்கும் முங்கிடும். ரெண்டு வருசமா பெரிய மழையில்லாததால நான் தப்பிச்சேன். இந்த வருசம் எறும்பெல்லாம் முட்டையத் தூக்கிட்டு மேட்டுக்குப் போகுது. அதான் நானும் பாறை இடுக்குக்குப் போயிட்டேன்."

"அப்படியா தம்பி? நல்லவேளை சொன்னே" என்றது பெருச்சாளி. வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு வேறு கணக்குப் போட்டது. 'வீட்டை விட்டுப் போனவன் வெயிலில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பானா? யாரும் செலுத்தாவிட்டால் நாரை போனால் போகிறதென்று பாக்கியைத் தள்ளிவிடும். வளை ஓசியிலேயே இவனுக்குத் திரும்பிவிடும். யாரிடம் காட்டுகிறான் இந்த வித்தையை!'

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னது.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "நாம மேட்டுல பொறந்தவங்க. அந்த ஓடையப் பத்தி நமக்கு என்னங்க தெரியும்? ஆமை அங்கேயே கிடக்குது. அதுகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"கேட்டா? அது உண்மையச் சொல்லிடுமாக்கும்! நமக்கு ஆசை இருக்குன்னு தெரிஞ்சா, நமக்கு முன்னாடி அது போய்ச் செலுத்திடும்."

"ஆமைக்கு எதுக்குங்க வளை? அது முதுகுலயே வீட்டைத் தூக்கிட்டுத் திரியுது!"

"அதான் எனக்கும் புரியல" என்றது பெருச்சாளி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "புரியாததால்தான் சந்தேகமா இருக்கு."

மறுநாள் அது நாரையிடம் போனது. நாரை ஒற்றைக் காலை மாற்றி வைத்துக்கொண்டு சொன்னது:

"பெரிய வளை. போன வருடம் உடும்பு தவணை கேட்டதால் விட்டேன், அதையும் சேர்த்து இரண்டு வருடப் பாக்கி. நன்றாகக் கேட்டுக்கொள், வளை உன் கைக்கு வந்துவிட்டால் வருகிற வருடத்து வரியும் உன் தலையில்தான். அப்புறம், ஓடைக்கரை எப்படிப்பட்ட இடம் என்று யாரிடமாவது விசாரித்தாயா?"

பெருச்சாளிக்குச் சுருக்கென்றது. 'வரி வாங்குகிறவரே யோசித்துக் கொடு என்கிறாரே! தன் சொந்தக்காரக் கொக்கு யாருக்காவது ஒதுக்கி வைத்திருக்கிறார் போலிருக்கிறது. உடும்பு ஒரு பக்கம் தடுக்கிறது, நாரை ஒரு பக்கம் தடுக்கிறது. இத்தனை பேர் தடுக்கிறார்கள் என்றால் அந்த வளையில் என்னமோ இருக்கிறது!'

அதற்குமேல் அது பொறுக்கவில்லை. மழைக்காலத்துக்கென்று பிள்ளைகளுக்காகச் சேர்த்து வைத்திருந்த வரகையும் கிழங்கையும் இழுத்து வந்து களஞ்சியத்தில் கொட்டியது. ஒரு மூலையில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது.

பிறகு பெருச்சாளி ஓடைக்கரையிலேயே காவல் கிடந்தது. உடும்பு எந்த நேரத்திலும் ஒன்றரைப் பங்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் என்று பயம். உடும்பு வரவே இல்லை. பாறையில் படுத்தபடி எப்போதாவது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, அவ்வளவுதான். 'வராமல் இருப்பதும் ஒரு தந்திரம்' என்று பெருச்சாளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

ஒரு சாயங்காலம் நாலு தூறல் விழுந்தது. மண் வாசனை கிளம்பியது. முதல் மழை! வளை இனிப் பெருச்சாளிக்குச் சொந்தம். அது எருக்கங்குச்சியைப் பல்லால் கவ்விப் பிடுங்கி எறிந்தது. எருக்கம்பால் கசந்தது. அது அதைப் பொருட்படுத்தவில்லை.

அன்றைக்கே குடும்பத்தையும் மிச்சமிருந்த தானியத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிப் பிடித்து விளையாடின. பெருச்சாளி நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "பார்த்தியா? எவன் பேச்சையும் கேக்காததால வந்த வீடு!" என்றது. மனைவி மட்டும் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசலோரமாகப் படுக்க வைத்தது.

அதற்கப்புறம் மலையில் மழை கொட்டியது. ஒருநாள் பொழுது விடியும் நேரத்தில் ஓடை வந்தது.

முதலில் சலசலவென்று ஒரு சத்தம். "தண்ணி!" என்று மனைவி அலறியது. வாயில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. வாசலில் தண்ணீர் முட்டியது. பெருச்சாளி தானியத்தைக் காப்பாற்ற உள்ளே ஓடியது. தானியம் மிதந்தது. தானும் மிதந்தது. தண்ணீர் அதை மேலே, மேலே தூக்கியது.

மூக்கு கூரையில் இடித்தது. இடித்த இடத்தில் ஒரு நத்தைக் கூடு இருந்தது.

அப்போதுதான் அந்தக் கூடுகள் எப்படிக் கூரைக்கு வந்தன என்று பெருச்சாளிக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? மூச்சு முட்டியது. பிள்ளைகள் பிழைத்தனவா என்றுகூடத் தெரியவில்லையே என்று மனம் பதறியது.

அதற்குள் அதன் வாலை ஏதோ ஒன்று கவ்வி இழுத்தது. சரியான உடும்புப் பிடி! தரதரவென்று இழுத்துக் கரையில் போட்டது உடும்பு. மேட்டில் மனைவி நடுங்கிக்கொண்டு நின்றது. அதன் வயிற்றுக்கடியில் பிள்ளைகள் எல்லாம் இருமிக்கொண்டிருந்தன. இருமினாலும் உயிரோடு இருந்தன.

"அன்னைக்கே சொன்னேனேண்ணே" என்றது உடும்பு.

பெருச்சாளி மூக்கிலிருந்து தண்ணீரைச் சிந்தியது. வெட்கமாக இருந்தது. "நீ, என் பெஞ்சாதி, நாரை, மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னீங்க. எல்லாரும் பேசி வச்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன் தம்பி."

அந்த மழைக்காலம் முழுவதும் குடும்பம் பழைய குறுகலான வளையில்தான் கிடந்தது. பிள்ளைகளுக்காகப் பெருச்சாளி பொதுக் களஞ்சியத்தின் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றது. அது கொட்டிய அதே வரகிலிருந்து நாரை அள்ளிக் கொடுத்தது.

"இது பிள்ளைகளுக்கு" என்றது நாரை. "ஓடைக்கரை வளையின் வரி அப்படியே இருக்கிறது."

அடுத்த கோடை வந்தது. பெருச்சாளியால் வரி கட்ட முடியவில்லை. ஓடைக்கரை வளை வாசலில் மறுபடியும் எருக்கங்குச்சி. ஒருநாள் அந்தப் பக்கம் போனால், ஒரு கீரி வாசலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"வேண்டாம் தம்பி" என்றது பெருச்சாளி. "மழை வந்தா இது முங்கிடும்."

கீரி அதை ஏற இறங்கப் பார்த்தது. கண்ணைச் சுருக்கியது. "ஏன்ணே, எனக்குக் கிடைச்சிடக் கூடாதுன்னு பாக்குறீங்களா?"

பெருச்சாளிக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பார்வையை அதற்கு நன்றாகவே தெரியும்.

"என்னை நம்ப வேண்டாம் தம்பி. உள்ள போயிக் கூரையப் பாரு. நத்தைக் கூடு ஒட்டியிருக்கும். அது எப்படி அங்க ஏறிச்சுன்னு இந்த ஓடையத் தெரிஞ்சவங்ககிட்டக் கேளு. அப்புறம் உன் இஷ்டம்."

கீரி சந்தேகத்தோடேயே உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தது. நாரை இருக்கும் பக்கம் ஒரு முறை பார்த்தது. பிறகு பெருச்சாளியிடம் திரும்பிக் கேட்டது:

"ஆமை எங்கண்ணே இருக்கும்?"

நீதி: சந்தேகம் வந்தால் விசாரிக்க வேண்டும், விசாரிக்காமல் தானே பதில் சொல்லிக்கொள்ளும் சந்தேகம், கண்ணை மூடிக்கொண்டு நம்புவதைவிடக் கேடு.