கும்பிடு போட்ட யானை

மாசித் திருவிழாவுக்குத் தெருமுனை அலங்கார வளைவில் சீரியல் லைட்டாலேயே ஒரு யானை கட்டியிருந்தாள் லைட்செட்காரி எஸ்தர். யார் நுழைந்தாலும் அது தும்பிக்கையைத் தூக்கிக் கும்பிடு போடும். விழாத் தலைவர் அம்பலவாணனுக்கு அது பொறுக்கவில்லை.

"கண்டவனுக்கெல்லாம் என்ன கும்பிடு? விழாவுக்கு உழைச்ச ஆளுக்கு மட்டும் நன்றி சொல்லட்டும். ஒயர் ஒண்ணையும் பிரிக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா யானையைக் கழட்டிட்டுக் கிளம்பு!"

உழைச்ச ஆள் என்று அவர் சொன்னது தன்னைத்தான்.

"சரிங்கய்யா" என்றாள் எஸ்தர். யானையை ஆட்டிவைப்பது ஒரு சிப். அதற்குள் இருக்கும் இணைப்புகளை லேப்டாப்பிலேயே அழித்து எழுதலாம். வெளியே ஒயரைத் தொடவே வேண்டாம். வளைவில் தலை உயரத்தில் ஒரு சென்சார், முழங்கால் உயரத்தில் இன்னொன்று. எதில் ஆள் பட்டாலும் தும்பிக்கை எழும் என்றிருந்ததை அழித்துவிட்டு, வேறு எழுதினாள்.

சாயங்காலம் மேளதாளத்தோடு நெஞ்சை நிமிர்த்தி நுழைந்தார் தலைவர். யானை அசையவில்லை. பின்னாலேயே, காலையிலிருந்து தேரோடும் தெருவைக் கூட்டிய காத்தாயி, அவர் மாலையிலிருந்து உதிர்ந்த பூவைக் குனிந்து பெருக்கிக்கொண்டே வந்தாள். தும்பிக்கை ஜம்மென்று எழுந்தது. கூட்டம் ஆரவாரித்தது.

"என்னம்மா இது?" என்று சீறினார் தலைவர்.

"நீங்க சொன்னதுதாங்கய்யா. கீழே கால் படணும், மேலே தலை படக் கூடாது. உழைச்சவங்க எல்லாரும் குனிஞ்சுதானே வேலை பார்த்தாங்க?"

காத்தாயி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு யானைக்குப் பதில் கும்பிடு போட்டாள். அவளுக்கு அதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை.

தலைவர் அவளையே பார்த்தபடி நின்றார். பிறகு துண்டை இடுப்பில் கட்டி, அந்தத் துடைப்பத்தை எடுத்து, வளைவுக்குள் குனிந்து பெருக்கினார். தும்பிக்கை எழுந்தது.

முதலில் கைதட்டியது காத்தாயி.