இறால் உரித்த கையும் டேப்லெட்டும்

பிசகாமல் சொல்லிவிடுவேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. எங்கள் இறால் உரிக்கும் கம்பெனியில் ஆஜர் போடப் புது டேப்லெட் வைத்தார்கள். எங்கள் ஈரக்கைக்கு அது மசியவே இல்லை. நாள் முழுக்க உரித்தும் வராதவள் என்றே காட்டியது. அதன் நிறை குறையை எங்களிடம் எழுதி வாங்கி அனுப்பச் சொல்லி மேலிடத்தில் கேட்டிருந்தார்கள்.

“இதுல நிறைதான் இருக்கு, குறையே இல்லைன்னு எழுதிக் கொடு சேசம்மா. இல்லாட்டி நாளைக்கு வராதே” என்றார் மேனேஜர் ஜெபராஜ்.

“எழுதுறேன் சார். நீங்களே நாலு இறால் உரிச்சுட்டு ஒருதரம் தொட்டுக் காட்டுங்க.”

உரித்தார். தொட்டார், தேய்த்தார், குத்தினார். அவர் பெயருக்கு நேரே ‘விடுப்பு’ என்று விழுந்தது.

“லீவுல இருக்கிறவரு ஆளை நிறுத்த முடியுமா சார்?” என்றேன். கொட்டகையே சிரித்தது.

மறுநாளிலிருந்து பழையபடி நோட்டிலேயே ஆஜர். ஆனாலும் எனக்கு மனசு அடங்கவில்லை. ‘நிறை: எழுத்து பளிச்சென்று தெரிகிறது. குறை: ஈரக்கைக்கு ஆகாது. சோதித்தவர்: மேனேஜர்’ என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன்.