தெருவைத் தாண்டிய பெட்டி

கேட்பவரே தீர்ப்புச் சொல்ல வேண்டிய கதைகளுள் இது ஒன்று. சொல்பவருக்கேற்ப ஊரின் பெயரும் அயல்நாட்டின் பெயரும் மாறுகின்றன. பெட்டி மட்டும் எந்தப் பாடத்திலும் மாறுவதில்லை.

காரைக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உமையாள் என்னும் மகப்பேறு மருத்துவர் இருந்தாள். வீட்டின் கீழ்த்தளம் அவளுடைய மருத்துவமனை. மாடியில் அவளும் தாய் மெய்யம்மையும் குடியிருந்தார்கள். இரண்டுக்கும் வாசற்படி ஒன்றே. அயர்லாந்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. பணி ஆணை ஆனி மாதமே வந்துவிட்டது.

ஆடி மாதத்தில் பொன்னழகு என்னும் கர்ப்பிணி அவளிடம் வந்தாள். முன்பு வேறிடத்தில் இரண்டு குழந்தைகளைப் பிறந்த அன்றே பறிகொடுத்தவள். உமையாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் இருக்கேன்ல, பயப்படாத. உன் பிரசவத்த வேற யார் கையிலயும் விடமாட்டேன்" என்றாள் உமையாள்.

பிரசவம் புரட்டாசிக் கடைசியில் என்பதும், அதற்கு முன்பே தான் விமானம் ஏறிவிடுவாள் என்பதும் அவளுக்குத் தெரியும். பலமுறை சொல்ல வாயெடுத்தாள். பொன்னழகின் முகத்தைப் பார்த்தால் சொல் எழவில்லை.

புறப்பட வேண்டிய நேரம் புதன்கிழமை நண்பகல், இராகு காலம். ஆகவே மெய்யம்மை பரஸ்தானம் வைக்கச் சொன்னாள். நல்ல நேரத்தில் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். பெட்டி மட்டும் போனால் போதும் என்பார் உண்டு. ஆளும் உடன் போய்விட வேண்டும், பிறகு தன் வீட்டுப்படி ஏறக் கூடாது என்பாரும் உண்டு. மெய்யம்மை இரண்டாவது கட்சி. அதற்குக் காரணம் தன் கணவருக்கு நேர்ந்தது.

"உங்க அப்பச்சி பினாங்குக்குக் கெளம்புனவுக, கண்ணாடிய மறந்துட்டேன்னு திரும்பி வந்து படியேறுனாக. அப்பறம் போனவுக வரவே இல்ல. நீ ஏறமாட்டேன்னு சொல்லு ஆத்தா."

உமையாள் அப்படியே வாக்களித்தாள். திங்கட்கிழமை காலை மருத்துவமனையை ஜெபசீலன் என்னும் இளம் மருத்துவரிடம் ஒப்படைத்து, "இனி இங்கே வருபவர்கள் உங்கள் பொறுப்பு, நான் தலையிடமாட்டேன்" என்றாள். எல்லாக் கர்ப்பிணிகளைப் பற்றியும் அவனிடம் சொன்னாள், பொன்னழகைத் தவிர. பிறகு பெட்டியோடு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஓர் ஆட்டோ மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. பொன்னழகுக்கு முன்கூட்டியே வலி கண்டிருந்தது. டாக்டரம்மா வெளிநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார் என்ற செய்தியை அங்கே ஜெபசீலன் சொல்லித்தான் முதன்முதலாகக் கேட்டாள்.

அவள் கணவன் எதிர்ச் சன்னலைக் காட்டினான். "போயிட்டாகன்னு சொல்றீக. அந்தா, ஆளு அங்கன நிக்கிறாகளே! பெட்டி மட்டுந்தான் ஏரோப்பிளேன்ல போயிருச்சா?"

உமையாள் தெருவில் இறங்கி ஓடிவந்தாள். பொன்னழகு அவள் முந்தானையை இறுகப் பற்றிக்கொண்டாள். "நீங்க உள்ள வந்தாத்தான் எறங்குவேன் டாக்டரம்மா. ரெண்டு தடவ வெறுங்கையோட வீட்டுக்குப் போனவ நானு."

ஜெபசீலன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "மேடம், நீங்க நாளைக்குப் போயிருவீங்க. நான் இங்கதான் இருக்கணும். இன்னைக்கு நீங்க உள்ள வந்தா, இனிமே என்னை நம்பி யாரு வருவா?"

மெய்யம்மை நிலைக்கதவைப் பிடித்தபடி மகளைப் பார்த்தாள். ஏறு என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை.

உமையாள் பொன்னழகைத் தாங்கிக்கொண்டு படியேறினாள். ஜெபசீலன் கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், உதவியாளன் நிற்கும் இடத்தில் நின்றான். மெய்யம்மை தெருவைக் கடந்தாள். எதிர்வீட்டில் இருந்த மகளின் பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து, தன் வீட்டுக்குள் வைத்தாள்.

மாலையில் உள்ளேயிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது.

மூவரும் ஒவ்வொன்று செய்தார்கள். இவர்களுள் யார் செய்தது சரி?

விடை: உமையாள் என்பார் பலர். ஆனால், பொன்னழகுக்கு வாக்களித்தபோதே அது நடவாது என்று அவள் அறிவாள். குழந்தை முந்திக்கொண்டதால்தான் அந்தப் பொய் மெய்யாயிற்று. ஜெபசீலன் செய்தது பெரிது. எனினும் நிகழ்ந்துவிட்டதற்கு அவன் உடன்பட்டானே தவிர, வேறு வழி அவனுக்கு விடப்படவில்லை. சரியாகச் செய்தவள் மெய்யம்மை. அவள் அச்சம் சிறிதும் தீரவில்லை. ஆயினும் அவள் கணக்கில், பெட்டி திரும்பி வந்துவிட்டால் பயணம் தொடங்கவே இல்லை, மகள் திரும்பிப் படியேறியதாகவும் ஆகாது. அதற்கு விலையாக, மகள் இராகு காலத்திலேயே புறப்படுவதைத் தானே ஏற்றுக்கொண்டாள். புதன்கிழமை நண்பகல் பெட்டி மறுபடியும் புறப்பட்டபோது அவள் வாசலுக்கு வரவில்லை. இவ்வளவோடு கதையை முடிப்பவர்கள் உண்டு. நான் கேட்ட பாடத்தில் இன்னும் சிறிது உண்டு: வியாழக்கிழமை வேறோர் ஆட்டோ வந்து நின்றது. ஜெபசீலன் வாசலுக்கு விரைந்து வந்து, "வாங்கம்மா" என்றான். ஆட்டோவுக்குள் வலியோடு இருந்தவள், டாக்டரம்மா எங்கே என்று கேட்டாளே தவிர, இறங்கவில்லை.