அனுப்பி வைத்தவர்கள்

மலையடிவாரத்தில் ஒரு சித்த மருத்துவக் கல்லூரி இருந்தது. அதன் தலைவர் தாணம்மாள். அவரிடம் படித்தவர்கள் அவரை ஆசான் என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்தில் வைத்தியம் சொல்லித் தருகிறவருக்கு அதுதான் பெயர். பெண் என்பதற்காக யாரும் அதை மாற்றவில்லை.

அங்கே படித்து, அங்கேயே பாடம் நடத்த நின்றுவிட்டவன் நல்லபெருமாள். தலை நரைத்த பிறகும் ஆசான் முன்னால் அவன் உட்காருவதில்லை.

அந்த வருஷம் மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. குழு சரியென்றால்தான் இனி மாணவர்களைச் சேர்க்க அனுமதி. இல்லாவிட்டால் கல்லூரியைப் பூட்ட வேண்டியதுதான். தன் நிறைகளையும், வளர வேண்டிய இடங்களையும் கல்லூரியே முன்கூட்டி எழுதி அனுப்ப வேண்டும். எழுதும் வேலை நல்லபெருமாளிடம் வந்தது.

வளர வேண்டிய இடங்கள் சுலபமாக வந்தன. விடுதிக்கு இன்னொரு மாடி. கோடையில் வற்றாத கிணறு. நூலகத்துக்குக் கரையான் ஏறாத அலமாரிகள். இவற்றைக் குறையென்று எழுதினால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

நிறைகளில் முதலாவதாக, கல்லூரி மருத்துவமனையில் இதுவரை ஒரு சாவுகூட நடந்ததில்லை என்று எழுதினான்.

அது உண்மைதான். காரணம் நாடி. அங்கே படித்தவர்களுக்கு நாடி பார்க்கும் கை வாய்த்திருந்தது. மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தால், இது மருந்துக்கு நிற்கும், இது நிற்காது என்று சொல்லிவிடுவார்கள். நிற்காததற்கு அசாத்தியம் என்று பெயர். அசாத்தியம் என்று தெரிந்ததும் வீட்டாரைக் கூப்பிட்டு, ஒரு பொட்டலம் சூரணம் கொடுத்து, நோயாளியை ஜீப்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். பழைய வைத்தியர்களும் அசாத்தியத்தில் கை வைத்ததில்லை. கணிப்பு தப்பியதே கிடையாது. அனுப்பி வைத்தவர்கள் சொன்ன கெடுவுக்குள் வீட்டில் இறந்தார்கள்.

எழுதியதை ஆசானிடம் கொண்டுபோனான். ஆசான் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"சரியா இருக்கா ஆசானே?"

"பொய் ஒண்ணும் இல்ல."

அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு குழுவுக்கு அனுப்பிவிட்டான்.

குழு வருவதற்கு முந்திய நாள் தங்கையனின் நாடி விழுந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ஈரல் கெட்டு வந்து சேர்ந்திருந்தார். நல்லபெருமாள் விரல் வைத்துப் பார்த்தான். ஜீப்பை எடுக்கச் சொன்னான். தங்கையனின் மனைவி செல்லத்தாயிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் நல்லது.

அவள் அழவில்லை. வீடு மலைமேலே, எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கிறது என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் விடியுமுன் பால் வெட்டப் போய்விடுவார்கள். மூச்சு இழுக்கும்போது தான் ஒருத்தி மட்டும் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். அவன் சூரணப் பொட்டலத்தை நீட்டினான்.

"இதைக் குடுத்தா உயிர் நிக்குமா?"

"நிக்காது."

"அப்போ இது எதுக்கு சாரே?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஆசான் நின்றிருந்தார். ஜீப்பைத் திரும்பக் கொண்டுபோய் ஷெட்டில் விடச் சொன்னார்.

நல்லபெருமாள் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். தாழ்ந்த குரலில் நினைவூட்டினான். நாளைக்குக் குழு. நாம் எழுதிக் கொடுத்தது அவர்கள் கையில் இருக்கிறது. இத்தனை பிள்ளைகளின் படிப்பு. இந்தப் புது வழக்கத்தை ஒரு நாள் தள்ளியாவது என்று இழுத்தான்.

"தங்கையன்ட்ட சொல்லட்டா, ஒரு நாள் தள்ளிச் சாகணும்னு?"

"விளையாட்டில்ல ஆசானே. காலேஜ் போயிரும்."

"போகலாம்."

"எத்தனை பேரை அனுப்பியிருக்கோம். இவருக்கு மட்டும் என்ன?"

"எல்லாரையும் நான்தான் அனுப்பினேன்," என்றார் ஆசான். "ஒருத்தியும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்ல. கேக்கதுக்கு முன்னால ஜீப் கெளம்பிரும்."

இறுதியாண்டு மாணவர்களை வார்டுக்கு வரச் சொன்னார். வந்தார்கள். ஒரு பெண் என்ன மருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். உதட்டை நனைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு வேலை எதுவும் தரவில்லை. அவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார்கள். இது பாடத்திலேயே இல்லையே என்று ஒருவன் முணுமுணுத்தான். அடுத்த வருஷம் பாடமும் இருக்காது, காலேஜும் இருக்காது, பேசாம நில்லுலே என்றான் இன்னொருவன்.

நல்லபெருமாளும் அவர்களோடு நின்றான். அவனுக்கும் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் குழு வந்தது. மூலிகைத் தோட்டத்தையும் மருந்துச் சாலையையும் பார்த்துவிட்டு வார்டுக்கு வந்தபோது தங்கையனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வரவேற்கப் போன நல்லபெருமாளை ஆசான் கையைப் பிடித்துக் கட்டிலருகே நிறுத்தினார்.

"நாடி பாரு."

"பாத்தாச்சு ஆசானே. அசாத்தியம்."

"பாரு."

விரல் வைத்தான். நூல்போல ஓடியது. அறுந்தது. மறுபடியும் வந்தது. எத்தனையோ கைகளைத் தொட்ட விரல்கள். எல்லாக் கைகளையும் அவன் நாடி நிற்கும் முன்பே விட்டிருந்தான். நடுவிரலின் அடியில் ஒரு துடிப்பு. அடுத்ததற்காகக் காத்திருந்தான். செல்லத்தாய் குனிந்து புருஷனின் காதில் வெளியூரிலிருக்கும் மகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லபெருமாள் காத்திருந்தான். பெயர் சொல்வதை அவள் நிறுத்தினாள். அவன் இன்னும் காத்திருந்தான்.

குழுத் தலைவர் வாசலிலேயே நின்றிருந்தார். பிறகு வராந்தாவில் நல்லபெருமாளிடம், நிறைகளில் முதலாவதைச் சுட்டிக்காட்டி, இதுதான் முதல் சாவா என்று கேட்டார்.

கொண்டுவரும்போதே கைமீறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அது நல்லபெருமாளின் நாக்கு வரைக்கும் வந்தது.

"இங்க நடந்ததுல முதலாவது," என்றான். "சாகப்போறவங்கள நாங்க வீட்டுக்கு அனுப்பிருவோம்."

குழுத் தலைவர் கையிலிருந்த தாளை அவனிடம் நீட்டினார். எழுதியதை மாலைக்குள் திருத்தித் தரும்படி சொன்னார். அனுமதியைப் பற்றி அதைப் படித்த பிறகுதான் பேச முடியும் என்றார்.

தங்கையனின் உடலை ஜீப்பில் ஏற்றினார்கள். செல்லத்தாய்க்குத் துணையாக மாணவர்கள் நாலைந்து பேர் கூடவே ஏறிக்கொண்டார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

ஆசான் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நல்லபெருமாள் போய் நின்றான். முதல் நிறையை அடித்துவிட்டதாகச் சொன்னான்.

"இன்னைக்கு நடந்தத நிறையில எழுதவா ஆசானே, இல்ல வளர வேண்டிய இடத்துல எழுதவா?"

ஆசான் முந்தானையில் கையைத் துடைத்தார்.

"நாடி நின்ன பொறவும் நீ விரல எடுக்கல. நான் பாத்துட்டுதான் இருந்தேன். அதை எங்க எழுதுவ?"